மலைக்கிராமங்களின் சொல்லுக்கும் மதிப்பு வேண்டும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் படாளம் கூட்டுச்சாலையில் வெள்ளிக்கிழமை மாலையே அது தெரிந்துவிடும். சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கூரையில் பெட்டிகளைக் கட்டிய கார்களும் வேன்களும் இடைவெளியின்றித் தெற்கே விரையும். தேநீர் குடிக்க இறங்குபவர்களிடம் எங்கே பயணம் என்று கேட்டால் கொடைக்கானல், உதகை, ஏற்காடு, கொல்லிமலை என்று பதில் வரும். அண்மைக் காலமாக அந்தப் பேச்சில் ‘இ-பாஸ்’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. கிடைத்தவர்கள் நிம்மதியாகவும், கிடைக்காதவர்கள் வேறு எந்த மலைக்குப் போகலாம் என்ற யோசனையுடனும் வண்டியைக் கிளப்புகிறார்கள்.

இ-பாஸ் முறை ஏன் வந்தது என்பதில் குழப்பம் இல்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களின் எண்ணிக்கை மலைகளின் தாங்குதிறனைத் தாண்டிவிட்டது என்ற கவலையில், சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் இறுதியில் அதற்கு உத்தரவிட்டது. அந்த ஆண்டு மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைக்கு நீதிமன்றம் எண்ணிக்கையையும் வரையறுத்தது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. மலைகளின் தாங்குதிறனை ஆராயும் பணி சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎம் ஆகிய உயர்கல்வி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

இதை எதிர்த்து 2025 ஏப்ரல் தொடக்கத்தில் நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். இரண்டு மாதப் பருவத்தை நம்பி ஆண்டு முழுவதும் வாழும் ஒரு கடைக்காரரின் அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால், 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததையும், 2024 ஜூலை 30 அன்று அண்டை மாவட்டமான வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்கள் ஒரே இரவில் புதையுண்டதையும் கண்ட பிறகு, மலைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மறுக்க இயலாது. எண்ணிக்கைக் கட்டுப்பாடு தேவையே.

என் கேள்வி வேறு. இந்த விவாதத்தில் நீதிமன்றம் பேசுகிறது, அரசு பேசுகிறது, வணிகர்களும் விடுதி உரிமையாளர்களும் பேசுகிறார்கள், பயணிகள் சமூக ஊடகங்களில் பேசுகிறார்கள். மலைக்கிராமம் எங்கே பேசுகிறது? உதகையும் கொடைக்கானலும் நகராட்சிகள். அவற்றைச் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான சிற்றூர்களின் ஓடைநீர்தான் விடுதிகளின் தொட்டிகளை நிரப்புகிறது. அவ்வூர்களின் சரிவுகளில்தான் குப்பை வந்து சேர்கிறது. பயணிகளின் கூட்டத்தால் அவ்வூர்களுக்கு நேரும் இழப்புக்கும், கிடைக்கும் வருவாய்க்கும் எந்த ஏட்டிலும் கணக்கு இல்லை.

படாளம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் அறியப்பட்ட ஊர். கரும்பு ஏற்றிய வண்டி எடைமேடையில் ஏறி இறங்கினால்தான் விவசாயிக்குக் கணக்கு. விலை போதாது என்றோ, நிலுவை வரவில்லை என்றோ அவர் சண்டையிடலாம். அதற்கும் கையில் எடைச்சீட்டு இருக்கிறது. மலைச்சுற்றுலாவில் கிராமத்துக்கு அத்தகைய எடைமேடையே கிடையாது. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நீர் செலவானது, வசூலான கட்டணத்தில் தன் பங்கு எவ்வளவு என்று கேட்க அதனிடம் சீட்டு எதுவும் இல்லை.

கொடைக்கானலுக்குக் கீழே, வட்டக்கானலிலிருந்து கும்பக்கரை நோக்கி இறங்கும் மலைப்பாதையில் வெள்ளகவி என்ற கிராமம் இருக்கிறது. கொடைக்கானல் நகரம் உருவாவதற்கு முன்பிருந்தே மக்கள் வாழும் ஊர் அது. ஊருக்குள் காலணி அணிவதில்லை என்ற வழக்கத்தை அம்மக்கள் தலைமுறைகளாகக் காத்துவருகிறார்கள். நீண்ட காலம் வாகனம் செல்லும் சாலையே இல்லாமல் இருந்த அவ்வூரில், நோயாளிகளையும் பிரசவ வலி கண்ட பெண்களையும் டோலி கட்டித் தூக்கிச் சென்ற செய்திகளை நாம் நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கிறோம். அதே வெள்ளகவியைச் ‘சாலையே இல்லாத அதிசய கிராமம்’ என்று காணொலிகள் விளம்பரப்படுத்துகின்றன. மலையேற்றப் பயணிகள் அந்தச் சாலையின்மையை ரசிப்பதற்காகவே அங்கு செல்கிறார்கள்.

நீடித்த சுற்றுலா என்ற சொல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஒருவர் இரண்டு நாள் அனுபவித்துத் திரும்பும் அமைதி, இன்னொருவருக்கு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இடையிலான தொலைவாக இருக்கிறது. சாலை வந்தால் காடு அழியும், கூட்டம் பெருகும் என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்கான விலையை ஒரு கிராமம் மட்டும் டோலி கட்டிச் செலுத்த வேண்டும் என்பது நியாயமாகாது. எவ்வளவு அகலத்தில் சாலை, அதில் யாருடைய வாகனம் செல்லலாம், இரவில் மூடப்பட வேண்டுமா என்பனவற்றை அந்த ஊரும் வனத்துறையும் சேர்ந்து முடிவு செய்ய முடியும். ஊர் மக்களுக்கும் அவசர ஊர்திக்கும் திறந்து, பயணிகளின் வாகனங்களுக்கு மூடிய சாலை என்பது கற்பனைக்கு எட்டாத ஒன்றல்ல.

வளர்ச்சி என்ற பெயரில் மலைக்கு முதலில் வருவது பெரும்பாலும் விடுதிதான். நீலகிரியின் சீகூர் பீடபூமியில் மசினகுடி, பொக்காபுரம் போன்ற ஊர்களைச் சுற்றி யானைகளின் வலசைப் பாதையில் விடுதிகள் பெருகின. யானை வழித்தடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. ஒன்பது ஆண்டுகள் நீடித்த அந்த மேல்முறையீட்டில், கட்டடங்கள் எழும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அவை எழுந்து முடிந்த பிறகுதான் கேட்கப்பட்டது. விடுதி மூடப்பட்டால் முதலீட்டாளர் வேறு மலைக்குப் போய்விடுவார். அங்கே அறை துடைத்த, சமையல் செய்த, ஜீப் ஓட்டிய உள்ளூர்க்காரர் எங்கே போவார்?

‘ஹோம்ஸ்டே’ என்ற சொல்லும் இப்படித்தான் உருமாறியிருக்கிறது. வீட்டு உரிமையாளர் அதே வீட்டில் வசிக்க வேண்டும், ஆறு அறைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே மத்திய சுற்றுலா அமைச்சகம் இத்தகைய தங்குமிடங்களுக்கு வகுத்த அடிப்படை நெறி. நடைமுறையில், சமவெளி நகரத்தில் வசிக்கும் ஒருவர் மலையில் நிலம் வாங்கிக் கட்டி, மேலாளரை அமர்த்தி, இணையத்தில் வாடகைக்கு விடும் வளமனையும் ஹோம்ஸ்டே என்றே அழைக்கப்படுகிறது. அங்கே ‘ஹோம்’ இல்லை, குடும்பம் இல்லை, ஈட்டும் பணம் அன்றிரவே மலையிறங்கிவிடுகிறது.

கிராமமும் இயற்கையும் வருகையாளரும் ஒத்துப்போவது சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு, எங்கள் ஊருக்கு அருகிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. அது மலையில் இல்லை, ஏரியில் இருக்கிறது. படாளத்தில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் வேடந்தாங்கல். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியின் மரங்களில் நவம்பர் முதல் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவ்வூர் விவசாயிகள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவரிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து வடிவில், கவுலாகப் பெற்றார்கள். வனச் சட்டங்கள் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே நடந்தது இது. 2022-இல் வேடந்தாங்கல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டபோது உலகம் அங்கீகரித்தது அந்த ஊரின் ஏற்பாட்டையும் சேர்த்துத்தான். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கும் வழக்கம் இன்றும் அங்கே தொடர்கிறது.

வேடந்தாங்கலை நான் குறையற்ற ஊராகக் காட்ட விரும்பவில்லை. சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் பாதுகாப்பு வட்டத்தைக் குறைக்க 2020-இல் ஒரு முன்மொழிவு எழுந்து, கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதன் அடிப்படைப் பாடம் மட்டும் தெளிவானது. அந்த ஏற்பாட்டில் மூன்று கூறுகள் இருந்தன. காப்பதால் ஊருக்கு நேரடிப் பயன் இருந்தது. தடுக்கும் உரிமை ஊரின் கையில் எழுத்தாக இருந்தது. அதன் பொருட்டுச் சில வசதிகளை விட்டுக்கொடுக்க ஊர் தானே முடிவு செய்தது. பயனும் உரிமையும் இருந்ததால்தான் கட்டுப்பாடு சுமையாகத் தெரியவில்லை.

இதே மூன்று கூறுகளை மலையில் காண வேண்டுமானால் நாகாலாந்தின் கோனோமாவைப் பார்க்கலாம். கோஹிமாவுக்கு அருகிலுள்ள அங்காமி நாகர்களின் அந்தக் கிராமம், வேட்டையை வாழ்வின் பகுதியாகக் கொண்டிருந்தது. 1998-இல் ஊர் மன்றமே தன் காட்டின் ஒரு பகுதியைப் பாதுகாப்பிடமாக அறிவித்து வேட்டையைத் தடை செய்தது. பிறகு வந்த பயணிகளை ஊரே வரவேற்றது, கட்டணத்தை ஊரே வசூலித்தது, வீடுகளில் தங்கவைத்தது. எத்தனை பேர் வரலாம் என்பதற்கு அங்கு முதல் பதில் சொல்லும் இடம் ஊர் மன்றம்.

பூட்டான் வேறு வழியைத் தேர்ந்தது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு நாளொன்றுக்கான நிலைத்த வளர்ச்சிக் கட்டணத்தை 2022-இல் 200 டாலராக உயர்த்திய அந்த நாடு, வருகை குறைந்ததைக் கண்டு மறு ஆண்டே 100 டாலராகக் குறைத்தது. இந்தியர்களுக்கு அது நாளொன்றுக்கு 1,200 ரூபாய். விலையை மட்டும் கொண்டு கூட்டத்தைக் கட்டுப்படுத்தினால் மலை வசதியுள்ளவர்களின் இடமாகிவிடும் என்ற ஆபத்து இதில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போகும் ஒரு நெசவாளிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் அந்தக் குளிரில் பங்கு உண்டு. நம் நாட்டுக்குக் கட்டண உயர்வைவிடக் கட்டணப் பங்கீடே முக்கியம் என்று கருதுகிறேன்.

தமிழ்நாட்டிலேயே நம்பிக்கை தரும் இரண்டு தொடக்கங்கள் இருக்கின்றன. ஒன்று மலையேற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தின் கீழ் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. காட்டை அறிந்த பழங்குடி, மலைக்கிராம இளைஞர்கள் பயிற்சி பெற்று அதில் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் எவரும் அப்பாதையில் நடக்க முடியாது. ஊரின் அறிவுக்கு ஊதியம் கிடைக்கிறது. பயணியின் உயிருக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது.

மற்றொன்று காலிப் புட்டி. நீலகிரிக் காடுகளில் உடைத்து எறியப்பட்ட மதுப்புட்டிகள் யானைகளின் கால்களைக் கிழித்தன. நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின், 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வசூலித்து, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தை அளிக்கும் முறை முதன்முதலாக அங்கே தொடங்கியது. பிறகு பிற இடங்களுக்கும் பரவியது. எச்சரிக்கைப் பலகைகள் ஆண்டுக்கணக்கில் செய்ய முடியாததை ஒரு பத்து ரூபாய் செய்தது. குப்பைக்கு ஒரு விலை இருந்தால் அதைப் பொறுக்கவும் ஆள் இருப்பார்.

இந்த அனுபவங்களிலிருந்து நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கலாம்.

முதலாவது, பங்கு. மலைப்பகுதிகளில் வசூலாகும் நுழைவுக் கட்டணம், பசுமை வரி, அருவிக் கட்டணம் ஆகியவற்றில் குறிப்பிட்ட விழுக்காடு அந்தந்தக் கிராம ஊராட்சிக்குச் சேர வேண்டும் என்று ஆணையிட வேண்டும். அந்தக் கணக்கைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அவற்றில் ஒன்று. கோடைக் கூட்டம் தொடங்கும் முன்பு நீர் இருப்பைக் கணக்கிட்டு, விடுதிகளுக்கு எவ்வளவு தரலாம் என்று ஊர் முடிவு செய்ய அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

இரண்டாவது, ஒப்புதல். புதிய விடுதி, கேளிக்கைப் பூங்கா, சாகச விளையாட்டுத் தளம் ஆகியவற்றுக்குக் கிராம சபையின் முன்ஒப்புதலைக் கட்டாயமாக்க வேண்டும். மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் குழு 2011-லேயே முடிவெடுக்கும் அதிகாரம் கிராம சபைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்று வலியுறுத்தியது. மலைமக்களில் பலர் அந்த அறிக்கையையே தங்களுக்கு எதிரானதாக எண்ணி எதிர்த்தார்கள் என்பது நம் காலத்தின் துயரங்களில் ஒன்று. அவர்களுடைய மொழியில், அவர்களுடைய முற்றத்தில் அது உரிய நேரத்தில் விளக்கப்படவில்லை.

மூன்றாவது, ஹோம்ஸ்டேக்கான வரையறையை நடைமுறைப்படுத்துவது. உரிமையாளர் அங்கேயே வசிக்கவில்லை என்றால் அது வணிக விடுதி. அதற்குரிய வரியும் உரிமமும் கழிவுநீர் ஏற்பாடும் பொருந்த வேண்டும்.

நான்காவது, அடிப்படை வசதி. சாராயச் சாவுகளைத் தொடர்ந்து 2024-இல் கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியபோது, சாலையும் மருத்துவமும் பள்ளியும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பது வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே கோடை விழா நடத்துவதற்கு முன் அவசர ஊர்தி செல்ல வழி வேண்டும்.

கிராம சபைக்கு அதிகாரம் தந்தால் செல்வாக்குள்ளவர்கள் அதை வளைத்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். வளைக்கக்கூடும். பணத்தேவையில் இருக்கும் ஊரே விடுதியை விரும்பி அழைக்கவும் கூடும். அதனால்தான் கிராம சபையின் ஒப்புதல் மற்ற பாதுகாப்புகளுக்கு மாற்றாக இருக்க முடியாது. தமிழ்நாட்டில் 1990 முதல் இயங்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமமும், வனச் சட்டங்களும், நிலச்சரிவு வாய்ப்புள்ள பகுதிகளில் கட்டுமானத் தடையும் மேல்வரம்பாக நீடிக்க வேண்டும். அந்த வரம்புக்குள் வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஊருக்கு இருக்க வேண்டும்.

ஊருக்கு உரிமை தருவது பற்றிப் பேசும்போதே ஒரு கசப்பான உண்மையையும் குறிப்பிட வேண்டும். நீலகிரி, திண்டுக்கல், நாமக்கல், திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்தது. அதன் பின் அந்த ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. ஒரு மலைக்கு எத்தனை வாகனங்கள் என்று 2025 கோடையில் மாநிலமே விவாதித்தபோது, அந்த மலையின் கிராமங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லை.

இவற்றை இப்போதே பேசுவதற்குக் காரணம் உண்டு. ஓரிடத்தில் கட்டுப்பாடு வந்தால் கூட்டம் அடுத்த இடத்துக்கு நகரும். நீலகிரி, கொடைக்கானலைத் தொடர்ந்து 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்தது. படாளம் தேநீர்க் கடையில் இ-பாஸ் கிடைக்காதவர்கள் சொல்லும் அடுத்த பெயர்கள் கொல்லிமலை, ஜவ்வாது மலை, பச்சைமலை. சாமையும் பலாவும் விளையும் அந்த மலைகளில் இன்னும் நிலைமை கைமீறவில்லை. அங்குள்ள ஊர்களுக்குப் பங்கையும் ஒப்புதலையும் இப்போதே சட்டமாக்கித் தந்தால், வழக்கு நடத்திக் கட்டடங்களை இடிக்கும் நிலை பின்னர் வராது.

வேடந்தாங்கல் விவசாயிகள் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஆட்சியரிடம் கேட்டது ஒரு துண்டுக் காகிதம். தங்கள் ஏரியில் யார் என்ன செய்யலாம் என்று சொல்லும் உரிமை அதில் எழுதப்பட்டிருந்தது. அத்தகைய ஒரு காகிதத்தை ஜவ்வாது மலைக்கும் கொல்லிமலைக்கும் வழங்க அரசுக்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது. அடுத்த கோடை வருவதற்குள் உள்ளாட்சித் தேர்தலை முடித்து, ஒரு மலை வட்டத்திலாவது அதைத் தொடங்கிப் பார்க்கலாம்.